ஃபஸீலாவின் புதன்கிழமை

மாரிச்செல்விக்குக் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. கண்ணில் இல்லை. கண்ணுக்கும் மண்டைக்கும் நடுவில் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு வலி. தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் அந்த இடம் தெரியும். இடுப்பு வலித்தால் தைலம் தேய்க்கலாம், கால் வலித்தால் வெந்நீர் ஊற்றலாம். அந்த இடத்துக்குக் கை எட்டாது.

சனிக்கிழமை மத்தியானம். இடுப்பில் ஓலைப்பெட்டியும், பெட்டிக்குள் தெருப் பெண்களின் ஃபோன்களுமாக அவள் மணல்மேட்டைப் பார்த்து நடந்தாள். தெருவில் சிக்னல் கிடையாது. வீட்டுக்குள் நின்றால் ஒரு கோடு வரும், தும்மினால் அதுவும் போய்விடும். கடலோரத்து மணல்மேட்டில் ஏறி நின்றால்தான் ஃபோனுக்கு உயிர் வரும். அதனால் தெருவில் ஒரு முறை வைத்திருந்தார்கள். வாரம் ஒருத்தி எல்லோருடைய ஃபோனையும் வாங்கிக்கொண்டு மேட்டுக்குப் போகவேண்டும், எல்லோருக்கும் ஷிப்ட் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இந்த வாரம் மாரிச்செல்வியின் முறை.

எல்லோரும் மண்டபம் ரோட்டில் இருக்கிற நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். அவித்த நண்டு கூடை கூடையாக வந்து இறங்கும். ஐஸ் பரப்பின மேசையைச் சுற்றி நின்று ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து டப்பாவில் அடைக்க வேண்டும். அந்தச் சதை எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒருத்திக்கும் தெரியாது. காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று ஷிப்ட். முன்னே சூப்பர்வைசர் தர்மராஜ்தான் போடுவார். வாரம் பூராவும் ஒரே ஷிப்ட். எல்லோரும் அவரைத் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே அந்த நேரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொள்வார்கள்.

போன தைக்குப் பிறகு கம்பெனியில் லட்டுக் கொடுத்தார்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஒரு மேனேஜர் வந்து, “இனிமே உங்க நேரம் உங்க கையில. எந்த நாளு எந்த ஷிப்ட் வேணுமோ நீங்களே ஃபோன்ல எடுத்துக்கலாம்” என்றார். கைதட்டினார்கள். மாரிச்செல்வியும் தட்டினாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு அடுத்த வாரத்துக்கான ஷிப்ட் ஃபோனில் திறக்கும். ராமநாதபுரம் டவுனில் இருக்கிற பெண்கள் கட்டிலில் படுத்தபடியே காலை ஷிப்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் கிடக்கிறதைத் தெருப் பெண்கள் பொறுக்குவார்கள். ஒரு நாள் காலை, மறுநாள் ராத்திரி, அதற்கடுத்த நாள் மத்தியானம். சோறு தின்கிற நேரத்தில் தூக்கம் வரும், படுக்கிற நேரத்தில் பசிக்கும். முன்னே திட்டுவதற்கு தர்மராஜ் இருந்தார். இப்போது தானே அமுக்கி எடுத்த ஷிப்டுக்கு யாரைத் திட்டுவது?

முந்தின நாள் மத்தியான ஷிப்ட் முடித்தவள், ஆள் பத்தவில்லை என்று அப்படியே ராத்திரியும் நின்றுவிட்டாள். விடிந்து வந்து குளித்து, சோறாக்கி, துணி துவைத்துப் போட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கியிருந்தாள்.

ஃபோன் வாங்கப் போனபோது ஃபஸீலா வாசலிலேயே நின்றாள். உள்ளே விருந்து. ஆணம் என்று அவர்கள் சொல்கிற கறிக்குழம்பு கொதிக்கிற வாசம் தெரு வரைக்கும் வந்தது. ஃபஸீலாவின் வீட்டுக்காரர் பாக்கர் சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். லீவு முடியப் போகிறது.

“மாரியக்கா, புதன்கிழமை எனக்குக் காலை ஷிப்ட் எடுத்துருங்க. மத்த நாள் எது கெடச்சாலும் சரி. வியாழக்கிழமை வெள்ளன அவுக ஏர்போட்டுக்குக் கிளம்புறாக. புதன் ராத்திரி மட்டும் நான் வீட்ல இருக்கணும்.”

பக்கத்து வீட்டு இராமலட்சுமி தன் ஃபோனை நீட்டிக்கொண்டே குறுக்கே விழுந்தாள். அவளுக்கு வாய் சும்மா கிடக்காது.

“ஏண்டி, லீவுல வந்த நாளா பாத்த மூஞ்சிதான? கடைசி ராத்திரி புதுசா மூக்கு முளைச்சுருமா?”

“மூக்கப் பாக்கவா மதினி நான் கேக்குறேன்?” என்றாள் ஃபஸீலா.

மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஃபஸீலாவின் முகம் மாறிவிட்டது. குரலை இறக்கிச் சொன்னாள்.

“விளையாட்டு இல்லக்கா. வந்ததுலருந்து அவுக முழிச்சிருக்கயில நான் தூங்குறேன், அவுக தூங்கயில நான் நண்டு உடைக்கிறேன். லாமியா அவ வாப்பாட்ட போயி, ‘உம்மா செத்துப் போச்சா, தூங்குதா’ன்னு கேட்டிருக்கா. ஒழுங்கா உக்காந்து ஒரு வார்த்தை பேசல. அடுத்தாப்புல ரெண்டு வருஷம். அந்த ஒரு ராத்திரிய மட்டும் எனக்கு வாங்கிக் குடுங்க.”

“முத ஃபோனு உன்னோடதுதான்டி. உன்னத எடுத்துட்டுத்தான் என்னத எடுப்பேன்” என்றாள் மாரிச்செல்வி. மனசறிந்துதான் சொன்னாள்.

மேட்டுக்கு ஏறும்போது மணல் சுட்டது. உச்சிக்குப் போனால் சூடு இல்லை. தாழம்புதர் ஓரத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நிழல் கிடந்தது. கீழே கடல் அலையே இல்லாமல் பாத்திரத்தில் ஊற்றிவைத்த மாதிரி நின்றது. இந்தப் பக்கத்துக் கடல் அப்படித்தான், காற்று மாறினாலொழிய சத்தம் போடாது. ஃபோனைப் பார்த்தாள். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஃபஸீலாவின் ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் திறக்க ஒரு கோடு இழுக்க வேண்டும். மகள் லாமியா பேரின் முதல் இங்கிலீஷ் எழுத்து. இழுத்துப் பார்த்தாள், திறந்தது. திரையில் பிள்ளை முன்பல் இல்லாமல் சிரித்தது. சரி, ஆயத்தமாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, முதுகு ஆறட்டும் என்று லேசாகச் சாய்ந்தாள். தலைக்கு ஓலைப்பெட்டி வாகாக இருந்தது.

கடல் மெல்ல மெல்ல மேட்டில் ஏறி வந்தது. பயமாக இல்லை. கணுக்காலைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது, இளஞ்சூடாக இருந்தது. கழுத்து வரைக்கும் வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டது. கண்ணுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டிருந்த கை முறுக்கை விட்டது. உள்ளே போனால், தண்ணீருக்கு அடியில் கம்பெனி. அதே நீட்டு மேசைகள். ஆனால் மேசை மேல் ஐஸ் இல்லை, பாய் விரித்திருந்தது. மேசைக்கு இத்தனை பேர் என்று பெண்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் வலைத்தொப்பி, காலில் வெள்ளை பூட்ஸ், அப்படியே தூக்கம். தர்மராஜ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் மேசைகளுக்கு நடுவே நடந்தார். ஒருத்தி புரண்டு படுத்தால் போர்வையை இழுத்துவிட்டார். நீலக்கால் நண்டுகள் உயிரோடு, நிதானமாக, வரிசையாக வந்தன. கொடுக்கால் ஒவ்வொருத்தி தலையிலும் சிக்கெடுத்துப் பேன் பார்த்தன. “உங்களுக்கு வலிக்கலையா? எம்புட்டுப் பேர உடைச்சிருக்கோம்” என்று மாரிச்செல்வி கேட்டாள். “பேசாம படு” என்றது ஒரு நண்டு. அது அவளுடைய செத்துப்போன அம்மாவின் குரலில் சொன்னது. அவள் பேசாமல் படுத்தாள். மேலே, எங்கேயோ தூரத்தில், வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து விழுந்தது. அந்தத் துண்டுகள் முகத்தில் விழுந்தன, கனமே இல்லை. நேரம் என்று ஒன்று அங்கே இல்லை. காலை, மத்தியானம், ராத்திரி மூன்றும் ஒரே நிறத்தில், பச்சையாக, அசையாமல் இருந்தன.

அந்தத் தூக்கத்தை என்னவென்று சொல்வது? கலியாணத்துக்குப் பிறகு, பிள்ளை பெற்ற பிறகு, கம்பெனிக்கு வந்த பிறகு அவள் அப்படித் தூங்கியதே இல்லை. உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகப் பாய் விரித்துப் படுத்த மாதிரி ஒரு தூக்கம்.

குளிர்ந்த காற்று காதில் பட்டதும் விழித்தாள். நிழல் நீண்டு மேட்டைத் தாண்டிப் போயிருந்தது. கடல் அதன் இடத்தில் இருந்தது. வலி சுத்தமாக இல்லை. ஒரு சிரிப்புக்கூட வந்தது. மடியிலிருந்து ஃபோன் நழுவி மணலில் கிடப்பதைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஷிப்ட் ஞாபகம் வந்தது.

கோட்டை இழுத்தாள். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. காலைக் கட்டம் எல்லாம் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. மத்தியானமும் அப்படியே. புதன்கிழமையில் கறுப்பாக ஒன்றே ஒன்றுதான் மிச்சம், ராத்திரி. விட்டால் அதுவும் போய்விடும். ஒரு நாள் பிடிக்காமல் விட்டாலும் கம்பெனியில் அந்த வாரக் கூலி மொத்தமும் வெட்டு. அமுக்கினாள். சில ஃபோனில் விரல் பதியவே இல்லை. நண்டு ஓடு தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடியும் ஒழுங்காக மசியாது. எச்சில் தொட்டு அமுக்கினாள். தனக்கும் ராத்திரி, இராமலட்சுமிக்கும் ராத்திரி, எல்லோருக்கும் ராத்திரி.

இறங்கும்போது, சிக்னல் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. சொன்னால் நம்புவார்கள். டவர் அடிக்கடி படுக்கிறதுதான். தெருமுனைக் குழாயடிக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பொய்யை நாக்கில் நன்றாகப் பழக்கி வைத்திருந்தாள்.

இராமலட்சுமி குடத்தை இறக்கிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். கிட்டே வந்து கன்னத்தைத் தடவினாள்.

“என்னடி இது, கன்னத்துல பாய் பின்னி வச்சிருக்க?”

ஓலைப்பெட்டியின் பின்னல் கட்டம் கட்டமாகக் கன்னத்தில் பதிந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகு பொய்க்கு அங்கன என்ன வேலை?

“தூங்கிட்டேன் மதினி” என்றாள் மாரிச்செல்வி. “புதன்கிழமை எல்லாத்துக்கும் ராத்திரிதான்.”



“நல்லாத் தூங்குன போ” என்றாள் இராமலட்சுமி. “அடியே, நாங்களும்தான் முறைக்குப் போறோம். தாழம்புதருக்குள்ள பாம்பு கெடக்குமேன்னு கண்ண மூடாம நிக்கிறோம். உனக்குப் பாம்பும் இல்ல, பேயும் இல்ல, எமன் வந்து எழுப்புனாக்கூட, அஞ்சு நிமிஷம் இருய்யான்னு சொல்லிருப்ப!”

திட்டு அதோடு நிற்கவில்லை, பக்கத்தில் நின்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாரிச்செல்வி அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். திட்டினதில் கோபம் கொஞ்சம்தான். அவர்களுக்கும் கண்ணுக்குப் பின்னால் அந்த இடம் இருந்தது. சத்தம் கேட்டு ஃபஸீலாவும் குழாயடிக்கு வந்தாள். ஃபோனை வாங்கி, மணலை முந்தானையில் துடைத்தாள். திரையைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கையால் ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது மாரிச்செல்விக்கு.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனதும் நேரே தர்மராஜிடம் போய் நின்றாள்.

“அண்ணே, புதன்கிழமைக்கு மட்டும் ஃபஸீலாவ விட்டுருங்க. அவ பங்கு நண்டையும் நானே உடைக்கிறேன். ரெண்டு ஆளு சதை காலையில எடையில நிக்கும்.”

தர்மராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியது.

“எடைய யாரும்மா கேக்குறா? மிஷினு தலையத்தான் எண்ணுது. வாசல்ல மூஞ்சியக் காட்டணும். விரல வைக்கச் சொன்னப்ப உங்க ஒருத்தி ரேகையும் விழலன்னுதான மூஞ்சி பாக்குற மிஷின வச்சாங்க? இப்ப அத எப்படி ஏமாத்துறது?”

“டவுன்காரவுக யாரையாச்சும் மாத்திவிடுங்க.”

“சனிக்கிழமை பூட்டுனா பூட்டுனதுதான். பிடிச்ச ஷிப்டுக்கு வரலைன்னா செவப்பு விழும். செவப்பு விழுந்தா அந்த மாசம் பூரா அவளுக்கு ராத்திரி மட்டுந்தான் காட்டும். சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு அந்தப் பிள்ள என்ன செய்யும்?” குரலைத் தாழ்த்தினார். “முன்னாடி எங்கிட்ட வந்து அழுவீங்க. நானும் நாலு பேச்சுப் பேசிட்டு மாத்திக் குடுப்பேன். இப்ப என் ஷிப்டயே நான் ஃபோனப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். போம்மா, போயி ஏப்ரனைக் கட்டு.”

மாரிச்செல்வி டவுன் பெண்களிடமும் கேட்டுப் பார்த்தாள். பாவம் என்றார்கள். பூட்டினதைத் திறக்க அவர்களிடமும் சாவி இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி வேன் தெருவுக்கு வந்தது. ஃபஸீலா வருவாளா மாட்டாளா என்று எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வந்தாள். கண்ணில் மை, தலையில் புதுத் துப்பட்டி, கையில் தூக்குச்சட்டி. முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். வாசல் நிலையைப் பிடித்தபடி பாக்கர் நின்றார். வேன் கிளம்பும்போது கையை அரைவாசி தூக்கினார், அப்புறம் என்ன நினைத்தாரோ, அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

அன்றைக்கு நண்டு குறைவாக வந்திருந்தாலாவது இவ்வளவு வலித்திருக்காது. படகுக்காரர்களுக்கு நல்ல நண்டுப்பாடு கிடைத்திருந்தது, கூடை கூடையாகக் கொட்டினார்கள். மாரிச்செல்விக்கு எதிர்த்த மேசை ஃபஸீலாவுக்கு. கண் மை கரைந்து கன்னத்துக்கு வந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவள் ஓடு உடைத்தாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலப் பச்சையாகத் தெரிந்தது. இந்த இடத்தை முன்னமே பார்த்திருக்கிறோமே என்று மாரிச்செல்விக்குத் தோன்றியது. ஆனால் யாருக்கும் பாய் இல்லை, நண்டுகள் எல்லாம் அவிந்து கிடந்தன.

கிழக்கு வெளுக்கும்போது ஷிப்ட் விட்டது. கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் ஒரு வாடகைக் கார் நின்றது. மேலே கயிறு சுற்றின பெட்டி. பாக்கர் கீழே இறங்கி நின்றிருந்தார். பின் சீட்டில் லாமியா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஃபஸீலா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் போனாள். போனவள் ஒரு எட்டுத் தள்ளியே நின்றுவிட்டாள்.

“கிட்ட வராதீக. நண்டு வாடை. புதுச் சட்டையில ஒட்டிரும்.”

“ஒட்டட்டும்” என்றார் பாக்கர்.

அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். ஐஸில் ஊறிச் சுருங்கி வெளுத்துப் போன கை. ஊதி ஊதிச் சூடு பண்ணினார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, அதிகம் பேசினதாகவும் தெரியவில்லை. பனைமரங்களுக்குப் பின்னால் வானம் நண்டு ஓடு மாதிரி சிவந்துகொண்டிருந்தது. கேட்டிலிருந்து வெளியே வந்த பெண்கள் எல்லாம் வேனுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். வேன் டிரைவர் ஒரு தரம் ஹாரன் அடித்தான். இராமலட்சுமி அவனைப் பார்த்து, “ஏலே, கைய ஒடிச்சுருவேன்” என்றாள். அவன் இறங்கிப்போய் டீ குடித்தான்.

அப்புறம் பாக்கர் பிள்ளையைத் தூக்கி ஃபஸீலாவின் தோளில் போட்டார். பிள்ளை விழிக்கவில்லை. கார் மதுரை ரோட்டில் ஏறிப் போயிற்று. தூசி அடங்கும் வரைக்கும் ஃபஸீலா அங்கனயே நின்றாள்.

வேனில் ஏறினதும் முன் சீட்டுக்குப் போகவில்லை. மாரிச்செல்விக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். வேன் நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

“மாரியக்கா, அன்னைக்கு மணல்ல தூக்கம் நல்லா இருந்துச்சா?”

குத்திக் காட்டுகிறாளோ என்று மாரிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை. தின்ன பண்டத்தைப் பற்றிப் பசித்தவள் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“நல்லா இருந்துச்சுடி” என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. “கடலுக்குள்ள படுத்த மாதிரி. அதுக்குப் பெறகு கண்ண மூடுனா உன் மூஞ்சிதான் வருது.”

ஃபஸீலா பிள்ளையின் தலையைத் தடவினாள்.

“நான் கணக்குத் தீத்துடுறேன்டி” என்றாள் மாரிச்செல்வி. “அடுத்த வாரம் எனக்கு விழுற காலை ஷிப்ட் பூரா நீ எடுத்துக்க. உன் ராத்திரியெல்லாம் என் பேருக்குப் போட்டுக்கிறேன். ஒரு மாசத்துக்கு வேணும்னாலும் சரி.”

“வேணாங்க்கா. அவுக இல்லாத ராத்திரிய வாங்கி நான் எங்க கொண்டுபோய் வைக்க? கூரையப் பாத்துக்கிட்டுப் படுக்கவா?” ஃபஸீலா நிதானமாகச் சொன்னாள். “நீங்க எனக்குத் தரவேண்டியது அவுக இருக்குற ராத்திரி. அவுக அடுத்த லீவுக்கு வரட்டும். வந்ததும் கேப்பேன். அப்ப எனக்குப் பதிலா நீங்க நிக்கணும். பூட்டு இருந்தாலும் சரி, மிஷின் இருந்தாலும் சரி.”

“நிப்பேன்” என்றாள் மாரிச்செல்வி.

எப்படி நிற்பாள் என்று அவளுக்குத் தெரியாது. மூஞ்சி பார்க்கிற மிஷினை என்ன செய்வது என்றும் தெரியாது. வேனுக்குள் எல்லோரும் தூங்கிப் போயிருந்தார்கள். இராமலட்சுமி ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு குறட்டை விட்டாள். பிள்ளையும் தாயும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். மாரிச்செல்விக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

பாக்கர் மறுபடி எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் வருகிறவரை அந்தக் கடனை அடைக்க வழியும் கிடையாது. மாரிச்செல்வி, ஃபஸீலாவுக்கு ஒரு ராத்திரி பாக்கி.